கண்ணாடி வண்டியின் லோடுமேன்

எங்கள் குளிர்பதனக் கிடங்கின் கேட்டில் உட்கார்ந்திருப்பவரை ‘வாட்ச்மேன்’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். காதெல்லாம் நன்றாகத்தான் கேட்கும். ‘லோடுமேன்’ என்று கூப்பிட வேண்டும். உடனே எழுந்து வருவார். பதினோரு வருடமாக அவர் தூக்கிய லோடு தன்னுடைய சாப்பாட்டுத் தூக்கு ஒன்றுதான். ஆனாலும் அவர் லோடுமேன். புதிதாக வந்த மேனேஜர் முதல் நாள் “வாட்ச்மேன், வாட்ச்மேன்” என்று தொண்டை கிழியக் கத்திவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்து, “அவருக்குக் காது மந்தமா?” என்று கேட்டார். “இல்ல சார், வீம்பு” என்றேன்.

வந்து இறங்கும் பெட்டிகளை எடைபோட்டுச் சீட்டு எழுதுவது என் வேலை. என் தராசுக்கு நேர் எதிரே கேட்டு. எட்டு வருடமாக, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். கூடப் பிறந்தவர்களின் முகத்தைக்கூட நான் அவ்வளவு பார்த்ததில்லை. ஆனாலும் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் போன மாதம் மூன்று வாரத்தில் தெரிந்ததுதான். அவரிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் நான் பத்துப் பெட்டி எடைபோட்டுவிடலாம்.

அவர் குடியிருப்பது ஒற்றை அறை. முன்னொரு தடவை காய்ச்சலில் மூன்று நாள் வேலைக்கு வராமல் இருந்தபோது மாத்திரையும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு நாற்காலி. நாற்காலியில் மடித்த சட்டைகள் அடுக்கியிருந்தன. நான் நிற்பதைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து சட்டைகளைக் கட்டிலுக்கு மாற்றினார். “யாராவது வந்தா உக்கார வேணுமேன்னு வாங்கினது” என்றார். உட்கார்ந்தேன். நாற்காலி ஆடியது, ஒரு கால் குட்டை. அதைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். வாங்கி ஏழெட்டு வருடம் ஆகியும், அது ஆடும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “லேட்டாயிடுச்சு” என்றார், பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி.

கேட்டுக்கு வருவதற்கு முன்னால் இருபத்தாறு வருடம் அவர் ஒரு கண்ணாடி வண்டியில் லோடுமேனாக இருந்தார். ஒரு பழைய காலத்துப் பிக்கப். நீள மூக்கு, உருண்டை விளக்கு, பின்னால் பலகை அடித்த தொட்டி, அதில் சாய்வாக ஒரு மரச்சட்டம். ஜன்னலுக்கும் கடை முகப்புக்கும் போகிற கண்ணாடிகளை அந்தச் சட்டத்தில் நிறுத்திக் கட்டி எடுத்துப் போவார்கள். வண்டி டிரைவருக்குச் சொந்தம். ஓட்டுவது அவர், இறக்குவது இரண்டு பேரும்.

ஆளுயரக் கண்ணாடியை இரண்டு பேர் மாடிக்குக் கொண்டுபோவதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒருவர் முன்னோக்கி நடப்பார், ஒருவர் பின்னோக்கி. பின்னோக்கி நடப்பவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் பிடி முறுகும், கண்ணாடி போய்விடும். எதிரே வருபவரின் வாய்தான் அவருக்குக் கண். “படி. இன்னொரு படி. வளைவு. தலையக் குனி.” இருபத்தாறு வருடமும் பின்னோக்கி நடந்தவர் லோடுமேன்தான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லையாம். அதைச் சொல்லும்போது மட்டும் அந்த முகத்தில் ஒரு பெருமை வந்தது.

பெருமைப்பட முடியாத சமாச்சாரமும் உண்டு. அந்தக் காலத்தில் குடிப்பார். கொஞ்சநஞ்சமில்லை. ஒரு மத்தியானம் டிரைவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், லைசென்ஸ்கூட இல்லாமல், வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஒரு காம்பவுண்டுச் சுவரில் மோதினார். ஏற்றியிருந்த கண்ணாடி அத்தனையும் தெருவில் சில்லுச் சில்லாகக் கிடந்தது. டிரைவர் வந்தார், பார்த்தார், பக்கத்து வீட்டில் துடைப்பம் கேட்டு வாங்கித் தெருவைப் பெருக்கினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. வண்டி ஒரு மாதம் பட்டறையில் கிடந்தது. திரும்பி வந்ததும் வழக்கம்போல இவரை வேலைக்குக் கூப்பிட்டார்.

“திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும், தங்கச்சி” என்றார் லோடுமேன்.

அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் குடித்தார். பிறகு ஒரு நாள் நிறுத்தினார். ஆஸ்பத்திரி, சத்தியம், அழுகை ஒன்றும் கிடையாது. கை நடுங்கிய முதல் மாதம் கண்ணாடியின் விளிம்பில் துணியைச் சுற்றிப் பிடித்துச் சமாளித்தாராம். டிரைவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார். ஒரே ஒரு ‘நல்லதுடா’ போதும் அவருக்கு. டிரைவர் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருடம் முறையாக ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்தார். அதை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“காட்டினீங்களா?” என்று கேட்டேன்.

“கேட்டா காட்டலாம்னு இருந்தேன்.”

“உங்ககிட்ட லைசென்ஸ் இருக்குன்னு தெரிஞ்சாதானேண்ணே கேப்பாரு?”

 நாலு வருடம் அது அந்தப் பையிலேயே இருந்தது. ஒரு வண்டிக்கு ஒரு கல்லுளிமங்கன் போதும். அந்த வண்டியில் இரண்டு பேர்.

அப்புறம் டிரைவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் ஒரு சைக்கிள்காரர் மயிரிழையில் தப்பினார். டிரைவர் வண்டியை நேரே வீட்டுக்கு ஓட்டிவந்து கொட்டகையில் நிறுத்திச் சாவியை எடுத்தார். “நாளைக்கு வர வேணாம்” என்றார். உள்ளே போய்விட்டார். இருபத்தாறு வருடத்துக்கு மூன்று வார்த்தை. லோடுமேன் கொஞ்ச நேரம் வண்டியில் சாய்ந்து நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார். நிதானமாகக் கூப்பிட்டுப் பேசுவார் என்று நினைத்தார். வாரம் போனது, மாதம் போனது. ஆறு மாதம் கழித்து மருந்துக்கடை வாசலில் டிரைவர் எதிரே வந்தார். பார்த்தும் பார்க்காத மாதிரி கடந்து போனாராம்.

இதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கண்ணு தெரியாத மனுஷன் எப்படிண்ணே பாப்பாரு?”

“என் நடை தெரியாதா? என் செருப்புச் சத்தம் தெரியாதா? இருபத்தாறு வருஷம் கேட்டது.”

“நீங்க ‘அண்ணே’ன்னு ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?”

“அவரு குடுத்திருக்கலாம்ல?”

இரண்டு வீட்டுக்கும் நடுவே இருபது நிமிட நடை. பதினோரு வருடம் இரண்டு பேரும் நடக்கவில்லை. டிரைவர் இறந்துபோன சேதியே நாலாம் நாள்தான் இவர் காதுக்கு வந்தது. அந்தத் தெரு முனைவரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். மறுநாள் கேட்டில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, “என்னண்ணே, முகமே சரியில்ல?” என்று கேட்டேன். “தூக்கமில்ல” என்றார். நானும் விட்டுவிட்டேன். லாரி வந்து நின்றிருந்தது.

இரண்டு மாதம் கழித்து டிரைவருடைய மனைவி ஆள் அனுப்பினார். லோடுமேன் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். போனவரிடம் விஷயத்தைச் சொன்னார். வீட்டை விற்றாகிவிட்டது, மாதக் கடைசியில் மகள் வீட்டுக்குப் போகிறார், வாங்கியவர்கள் கொட்டகையைக் காலியாகக் கேட்கிறார்கள். “வண்டி உனக்குத்தான்னு சொல்லிட்டுப் போனாருப்பா. வேற யாருக்கும் குடுக்கக் கூடாதாம். உனக்கு வேணாம்னா சொல்லிடு, பழைய இரும்புக் கடைக்காரன் முப்பதாம் தேதி வந்து வெட்டி எடுத்துக்குவான்.”

மறுநாள் லோடுமேன் என் தராசுக்கு முன்னால் வந்து நின்றார். எட்டு வருடத்தில் அவராக என் மேஜைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

“தங்கச்சி, நம்ம ஷெட்டுக்குப் பின்னாடி ஒரு வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா? மேனேஜர்கிட்ட நீ கேளு. நான் கேட்டா எனக்கு வார்த்தை வராது.”

மேனேஜரிடம் கேட்டேன். “பதினோரு வருஷமா நின்ன வண்டியா? கட்டி இழுத்துட்டு வந்தா உள்ள விட மாட்டேன். அப்புறம் அது இங்கேயே மண்ணோட மண்ணா ஒட்டிக்கும். ஓட்டிட்டு வந்தா நிறுத்திக்கட்டும்” என்றார். முதல் நாள் வாட்ச்மேன் என்று கத்திய கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

இதை வந்து சொன்னபோது லோடுமேன் தலையாட்டினார். “ஓட்டிட்டுத்தான் வருவேன்” என்றார். பிறகு, யாரிடமோ சொல்கிற மாதிரி, “எதுக்கு எனக்குக் குடுத்தாருன்னு தெரியணும். மனுஷனா நெனச்சுக் குடுத்தாரா, கூலிக்காரனுக்குக் கடைசிக் கூலின்னு குடுத்தாரா?” என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கிளம்பிப் போனேன். யார் கூப்பிட்டார்கள் என்று கேட்காதீர்கள். மூக்கை நுழைப்பது என் சுபாவம். தவிர, ஞாயிற்றுக்கிழமை பேச என் வீட்டிலும் சுவர்தான் இருக்கிறது.

கொட்டகையில் வண்டி நாலு சக்கரமும் காற்றில்லாமல் சப்பையாக உட்கார்ந்திருந்தது. மேலே போட்டிருந்த தார்ப்பாய் தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பானட்டைத் திறந்தோம், ஏர் கிளீனருக்குள் எலி ஒரு குடும்பமே நடத்தியிருந்தது. டாங்க்கில் மிச்சமிருந்த பெட்ரோல் கோந்து மாதிரி ஆகி, வார்னிஷ் வாடை அடித்தது. பிரேக் மிதித்தால் தரைவரை போனது, கிளட்ச் மிதித்தால் அசையவே இல்லை. நானாக இருந்தால் அப்போதே இரும்புக் கடைக்குச் சொல்லி அனுப்பியிருப்பேன்.

லோடுமேன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இருபத்தாறு வருடம் டிரைவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவர் அவர். எந்த நட்டுக்கு எந்த ஸ்பானர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஏன் என்றுதான் தெரியாது. அதனால் டிரைவர் எந்த வரிசையில் செய்வாரோ அந்த வரிசையிலேயே செய்தார். நாலு பிளக்கையும் கழற்றி ஓட்டைகளில் எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டார். மூன்றாம் நாள் முன்னால் ஹாண்டிலைச் சொருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினார். அரை அங்குலம் அசைந்தது. பிறகு கால் சுற்று. பிறகு முழுச் சுற்று. எஞ்சின் உள்ளே கொழகொழவென்று ஒரு சத்தம். “உயிர் இருக்கு” என்றார்.

காலை ஷிஃப்ட் முடிந்து தினமும் மத்தியானம் அங்கே போய்விடுவார். டாங்க்கை இறக்கி, உள்ளே சரளைக்கல் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தார். கார்புரேட்டரைப் பிரித்துப் பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தார். பிரேக்குக்குப் புது ரப்பர், புது எண்ணெய். ஒட்டிக்கொண்ட கிளட்சை ஒரு பெரிய கம்பியால் நெம்பி விடுவித்தார். ஒரு பழைய பாட்டரி, இரவல் டயர்கள். அண்ணி உள்ளே மூட்டை கட்டிக்கொண்டிருப்பார். நடுவில் டீ கொண்டுவந்து வைப்பார். இரண்டு பேரும் டிரைவரைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். எனக்கு நாக்கு துறுதுறுக்கும், அடக்கிக்கொள்வேன்.

பத்தாம் நாள் எல்லாம் தயார். லோடுமேன் சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பற்றவில்லை. பெட்ரோல் வருகிறது, காற்று போகிறது, பிளக்கில் பொறி மட்டும் இல்லை. பாட்டரி சோர்ந்துபோகும்வரை முயன்றார். அப்போது அண்ணி டீயோடு வந்தவர், ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்:

“அந்த சுவிட்சைப் போட்டியா?”

“எந்த சுவிட்ச்?”

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. டீ தட்டோடு அப்படியே நின்றார். நான் தட்டை வாங்கிக் கீழே வைத்தேன்.

“உனக்குத் தெரியும்னு நெனச்சேன்ப்பா. இத்தனை வருஷத்துல எப்பவோ சொல்லியிருப்பாருன்னு...”

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். சுவரில் மோதிய பிறகு வண்டி பட்டறையில் இருந்த மாதம், டிரைவர் ஒரு திருட்டு சுவிட்ச் வைக்கச் சொன்னார். அதை அமுக்கினால்தான் எஞ்சினுக்குக் கரண்டு போகும். எங்கே? லோடுமேன் உட்காரும் சீட்டுக்குள்ளே, முன் ஓரத்தில், ரெக்சினுக்கு அடியில். மேலே புது ரெக்சின் தைத்துவிட்டார்கள். கையால் தடவி அழுத்தினால்தான் தெரியும். லோடுமேன் பார்க்காமல் அதை எப்படி அழுத்துவது? தினமும் காலையில் கிளம்புவதற்கு முன், “பின்னாடி பலகைக் கொக்கி மாட்டியிருக்கா பாத்துட்டு வா” என்று அனுப்புவாராம். இவர் இறங்கிப் பின்பக்கம் போய்த் திரும்புவதற்குள் வேலை முடிந்துவிடும்.

லோடுமேன் திருதிருவென்று விழித்தார். “தினம் நான்தான் கொக்கி பாப்பேன்” என்றார். அது தன் பொறுப்பு என்று நினைத்திருக்கிறார் பாவம். “கடைசி நாள் காலைலகூடப் பாத்தேன். நான் குடிய விட்டு அஞ்சு வருஷம் ஆயிருந்துச்சே அப்ப.”



“அவர நம்பி இருபத்தாறு வருஷம் பின்பக்கமாவே நடந்திருக்கேன் அண்ணி. மூணாவது மாடில. கைல கண்ணாடியோட. அவரு சொன்னா கால் வைப்பேன். என்ன நம்பி அவரு...”  ஆணியிலிருந்து சட்டையை எடுத்து, உள்பக்கம் வெளியே இருப்பதைக்கூடக் கவனிக்காமல் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாள் அவர் கொட்டகைப் பக்கம் போகவில்லை. கேட்டில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். லோடுமேன் என்று கூப்பிட்டாலும் திரும்பவில்லை. எனக்கு அவர்மேல் கோபம், செத்துப்போன டிரைவர்மேல் அதைவிடக் கோபம். நாலாம் நாள் நான் போய் எதிரே நின்றேன்.

“முப்பதாம் தேதி வந்து வெட்டட்டும்னு விட்டுடப் போறீங்களா?”

“இல்ல. அந்த சுவிட்ச என் கையாலே அமுக்கி ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணணும். உன் சுவிட்ச் எனக்கு இப்பத் தெரியும்னு அவருக்குக் காட்டணும்.”

“யாருக்கு?”

முறைத்தார். சரி என்று விட்டுவிட்டேன்.

பிளேடால் சீட்டின் ரெக்சினைக் கிழித்தார். பஞ்சுக்கு நடுவில் கறுப்பாக ஒரு பொத்தான். அமுக்கினார், சாவியைத் திருப்பினார். பற்றவில்லை. மறுபடி அமுக்கினார். சாவி, பொத்தான், சாவி, பொத்தான். சுவிட்ச்தான் துருப்பிடித்துவிட்டது என்று முடிவுகட்டினார். கழற்றி, பிரித்து, உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். பற்றவில்லை. புது சுவிட்ச் வாங்கிவந்து மாட்டினார். அப்போதும் பற்றவில்லை. கோளாறு வேறெங்காவது இருக்கலாம் என்ற நினைப்பே அவர் மண்டையில் ஏறவில்லை. எல்லாத் தப்பும் அந்தப் பொத்தானில்தான். ஒரு வாரம் முழுக்க அந்தக் கிழிந்த சீட்டின் முன் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னிடமும் பேசுவதில்லை, அண்ணி வைத்த டீயையும் தொடுவதில்லை. இருபத்தொன்பதாம் தேதி வந்துவிட்டது.

அன்றைக்கு நான் யாரையும் கேட்காமல் எலக்ட்ரீசியனைக் கூட்டிவந்தேன். தெருக்கோடியில் கடை வைத்திருப்பவர். டிரைவர் வண்டிக்கு ஒயரிங் எல்லாம் அந்த நாளிலிருந்து அவர்தான். அவருக்கு மின்னல் என்று பெயர் வைத்திருந்தார்கள்; நாளைக்கு வருகிறேன் என்றால் நாலாம் நாள் வருவார். அதனால் நான் கடை வாசலிலேயே நின்று, செருப்பு மாட்டும்வரை பார்த்துக் கையோடு அழைத்து வந்தேன்.

மின்னல் சீட்டைப் பார்த்தார். புது சுவிட்சைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார்.

“யோவ், இதையா ஒரு வாரமா அமுக்கிட்டு இருக்க?”

லோடுமேன் பொத்தானிலிருந்து கையை எடுத்தார்.

“இதுல கரண்டே கிடையாதுய்யா. இது செத்துப் பதினஞ்சு வருஷமாச்சு.” டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஒயர் கட்டு ஒன்றை வெளியே இழுத்தார். இரண்டு ஒயரை, சுவிட்சுக்குப் போகாமல், நேராகச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தது. டேப் காய்ந்து மரப்பட்டை மாதிரி ஆகியிருந்தது. “நான்தான் வச்சேன், நான்தான் கட் பண்ணேன். அவர்தான் வண்டியக் கொண்டாந்து, இனிமே இது வேணாம்னு சொன்னாரு.”

“எப்ப?” என்றார் லோடுமேன். 

“நீ குடிய விட்டேல்ல, அதுக்கு அடுத்த வருஷம். சீட்டப் பிரிச்சு சுவிட்சக் கழட்டட்டுமான்னு கேட்டேன். ‘வேணாம், தையல் புதுசாத் தெரிஞ்சா என்னன்னு கேப்பான். இப்படி ஒண்ணு இருந்ததே அவனுக்குத் தெரிய வேணாம்’னாரு. மேல கையே வைக்கல.”

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. “அப்ப அதுக்கப்புறம் எதுக்கு தினம் கொக்கி பாக்க அனுப்பினாரு? அமுக்கத்தான் ஒண்ணும் இல்லியே?”

மின்னல் உதட்டைப் பிதுக்கினார். அண்ணி வாசற்படியில் நின்றிருந்தார், அவருக்கும் தெரியவில்லை. பதில் சொன்னது லோடுமேன்தான். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

“நிறுத்தியிருந்தா நான் கேட்டிருப்பேன். ‘ஏண்ணே, இன்னிக்குக் கொக்கி பாக்கச் சொல்லல’ன்னு.”

வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். அறுபத்து மூன்று வயது மனிதர் இப்படி அழுது நான் பார்த்ததில்லை.  மின்னல்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பார்க்காத மாதிரி எஞ்சினுக்குள் தலையை விட்டார்.

கோளாறைக் கண்டுபிடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. காயிலிலிருந்து போகிற ஒயர் ஒன்று உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. ஒரு முழ ஒயரை வெட்டி மாட்டினார். அவர் வாழ்க்கையில் மின்னல் மாதிரி வேலை செய்தது அன்றைக்குத்தான்.

“போடுய்யா” என்றார்.

லோடுமேன் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது, ஒரு கரும்புகை விட்டது, அணைந்தது. இரண்டாம் தடவை இன்னும் கொஞ்சம் நீளமாக இருமியது. மூன்றாம் தடவை பற்றிக்கொண்டது. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. அண்ணி வாயில் புடவைத் தலைப்பைப் பொத்திக்கொண்டார். மின்னல், “நாளைக்கு வந்து மிச்ச ஒயரையும் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். நாளைக்கு அங்கே வண்டி இருக்காது என்பது அவருக்குத் தெரியாது.

வெளியே இன்னும் நல்ல வெயில் இருந்தது. லோடுமேன் மெதுவாக வண்டியை நகர்த்தி வாசலுக்குக் கொண்டுவந்தார். கிழிந்த சீட்டில் ஒரு துணியை விரித்து என்னை ஏறச் சொன்னார். அண்ணி ஜன்னல் பக்கம் வந்து கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லபடியா வச்சுக்கோப்பா.”

“சரி அண்ணி.”

அண்ணி கையை எடுக்கவில்லை. “கண்ணு சுத்தமா போன பிறகு அவர் இந்த வாசல்லயேதான் உக்காந்திருப்பாரு. தெருவுல செருப்புச் சத்தம் கேட்டா தலையத் தூக்குவாரு. நான் கேப்பேன், போய் அவனக் கூட்டிட்டு வரட்டுமான்னு. ‘வேணாம், அவனே வருவான்’ம்பாரு. பதினோரு வருஷம். நான் எப்பக் கேட்டாலும் அதே பதில்தான்.”

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. லோடுமேன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நானும் அதையேதான் சொல்லியிருப்பேன் அண்ணி, அவரே கூப்பிட்டு அனுப்புவாருன்னு” என்றார். “எங்கிட்ட யாரும் கேக்கல.”

எட்டு வருடம் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவள் நான். ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் அத்தனை கேள்வி கேட்டவள். அவர் கியரைப் போட்டார். வண்டி தெருவில் இறங்கியது. கிடங்கு வந்து சேரும்வரை என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.